அப்பா அம்மாவோடு சொகுசுக் கப்பல் பயணம்: சின்னக் கப்பலா, பெரிய கப்பலா?

செங்காங் மகன்

வணக்கம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், முடிவெடுக்க முடியாமல் இரண்டு வாரமாகத் தவிக்கிறேன்.

அப்பாவுக்கு 82, அம்மாவுக்கு 76. அப்பா 1962-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, டெக் பயணியாகப் பாய் விரித்துப் படுத்து, பினாங்கு வழியாக சிங்கப்பூர் வந்து இறங்கியவர். அதற்குப் பிறகு பாத்தாம் ஃபெரி தவிர எந்தக் கப்பலிலும் கால் வைக்கவில்லை. ஊருக்குப் போனதெல்லாம் விமானத்தில்தான். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று, "ஒரு தடவ கப்பல்ல அந்தப் பக்கமாப் போயிட்டு வரணும்டா" என்றார். அவர் வாய்விட்டு எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் அக்காவும் நானும் பணம் போட்டு அழைத்துப் போவது என்று முடிவாகிவிட்டது.

ஏஜெண்ட் இரண்டு காட்டினார். ஒன்று பெரிய கப்பல், 4 இரவு, பால்கனி அறை, ஒருவருக்குச் சுமார் 1,100 சிங்கப்பூர் வெள்ளி. இன்னொன்று அறுநூறு பேர் மட்டும் போகிற சின்ன சொகுசுக் கப்பல், 7 இரவு, பினாங்கு, புக்கெட், லங்காவி, கிள்ளான் துறைமுகம், திரும்ப சிங்கப்பூர். ஒருவருக்கு 6,400 வெள்ளி, மது உட்பட எல்லாம் அடக்கம். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அம்மா ஒரு முட்டியில் அறுவை சிகிச்சை செய்தவர், கைத்தடி உண்டு. அப்பாவுக்கு இன்சுலின். அம்மா சுத்த சைவம்.

இத்தனை விலை வித்தியாசத்துக்கு அதில் என்னதான் இருக்கிறது?

யீஷூன் தம்பி

அண்ணே, பெரிய கப்பலே போதும். நான் மாமியாரோடு மூன்று முறை போயிருக்கிறேன். லிஃப்ட் நிறைய, நாள் முழுக்கச் சாப்பாடு, இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். கெந்திங் ட்ரீம் மாதிரி கப்பலில் சைவம், ஜைன உணவு, ஹலால் எல்லாமே இருக்கிறது. சின்னக் கப்பலில் வெள்ளைக்காரப் பெரியவர்களோடு ஏழு நாள் உட்கார்ந்து ஒயினைப் பற்றிப் பேசவா இத்தனை காசு? மிச்சமாகிற பணத்தில் அப்பாவை இன்னும் நாலு தடவை கூட்டிப்போகலாம்.

பழைய மாலுமி

இருபத்திரண்டு வருடம் கப்பலில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலை வித்தியாசம் ஒயினில் இல்லை, இடத்தில் இருக்கிறது. கப்பலின் மொத்த டன் கணக்கைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். டன் என்று சொன்னாலும் அது எடை இல்லை, கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு. இங்கிருந்து ஓடிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் 1,69,379 டன். அறைக்கு இருவர் என்று வைத்தால் 4,246 பேர். ஆளுக்கு 40 வருகிறது. சில்வர் மியூஸ் என்கிற சொகுசுக் கப்பல் சுமார் 40,700 டன்தான், ஆனால் 596 பேர். ஆளுக்கு 68. 2017 ஜனவரியில் இங்கே சிங்கப்பூரிலேயே பெயர் சூட்டிய சீபோர்ன் என்கோர் கப்பலுக்குக் கணக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட 70. கைத்தடி ஊன்றி நடக்கிற அம்மாவுக்கு இந்த எண்ணின் அர்த்தம், லிஃப்டுக்கு முன்னால் கூட்டம் இல்லை, பசியாறுகிற இடத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு நாற்காலி தேட வேண்டாம், கப்பல் ஏறும் நாளில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டாம் என்பதுதான்.

ஆட்கணக்கையும் பாருங்கள். பெரிய கப்பலில் ஏறக்குறைய மூன்று பயணிக்கு ஒரு பணியாளர். சொகுசுக் கப்பலில் மூன்று பயணிக்கு இரண்டு பேர். இரண்டாம் நாளே உங்கள் அப்பா தேநீரில் சர்க்கரை சேர்ப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குடிக்காதவர்கள் 'எல்லாம் அடக்கம்' என்ற கட்டணத்தில் அடுத்தவர் குடிக்கும் மதுவுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். அதே நேரத்தில் பெரிய கப்பலின் 1,100 வெள்ளி அங்கேயே நிற்காது. பல நிறுவனங்கள் சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை போடுகின்றன. துறைமுக வரி, இணையம், கரைச் சுற்றுலா, தனி உணவகம் எல்லாம் வேறு. கடைசிப் பில்லை வைத்து ஒப்பிடுங்கள். அப்போதும் ஓர் இரவுக்கு என்று கணக்குப் போட்டால் சின்னக் கப்பல் இரண்டு மூன்று மடங்கு வரும், அதை மறைக்கவில்லை.

தேக்கா அக்கா

தம்பி, நான் சின்னக் கப்பலில் ஒரு தடவை, பெரியதில் ஐந்தாறு தடவை போயிருக்கிறேன். கப்பல் கம்பெனிக்காரர்கள் சொல்லாத நம்ம வீட்டு விஷயங்களை நான் சொல்கிறேன்.

முதலில் கழிவறை. நான் போன எந்தக் கப்பலிலும் தண்ணீர்க் குழாய் இல்லை, காகிதம் மட்டும்தான். ஒரு சின்னப் பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளைக்கு அம்மாவுக்கு வேறு எதைவிடவும் இதுதான் நிம்மதி.

அடுத்தது விளக்கு. மெழுகுவர்த்தி, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கொண்டுபோகக் கூடாது, தீ அபாயம் என்று பையைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். அயர்ன் பாக்ஸ், கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நான் சிராங்கூன் ரோட்டில் பேட்டரி அகல்விளக்கு இரண்டு வாங்கிப் போனேன். காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண், அதன் பக்கத்தில் இருந்த பிள்ளையார் படத்தை நகர்த்தாமல் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். அதை இன்னும் மறக்கவில்லை.

சாப்பாடு. 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதாதீர்கள், மூன்று நாளைக்குப் பாஸ்தாவும் வறுத்த காளானும் வரும். முட்டை, மீன் சாஸ், சிப்பி சாஸ் கூடாது, சோறும் பருப்பும் வேண்டும் என்று புக்கிங் செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள். ஏறிய அன்றே உணவகத் தலைவரைப் பார்த்து நேரில் சொல்லுங்கள். சொகுசுக் கப்பலில் முந்தின நாள் சொல்லிவைத்தால் செய்து தருவார்கள், சமையலறையில் பெரும்பாலும் நம்ம ஊர்ப் பையன் ஒருவராவது இருப்பார். எனக்கு ஒரு கோவாக்காரத் தம்பி ரசம் வைத்துக் கொடுத்தார். வீட்டில் சமைத்த உணவை ஏற்ற விட மாட்டார்கள், ஆனால் கடையில் சீல் வைத்த முறுக்கு, ஊறுகாய்ப் பாக்கெட்டை யாரும் கேட்கவில்லை.

உடுப்பு பற்றிப் பயப்படாதீர்கள். விருந்து இரவில் கோட்டு சூட்டு என்று எழுதியிருப்பார்கள். அம்மா பட்டுப் புடவை, அப்பா பட்டு வேட்டி சட்டை. அதைவிட முறையான உடை அங்கே யாரும் போட்டிருக்கப் போவதில்லை.

செங்காங் மகன்

அக்கா, குவளை விஷயத்துக்கே உங்களுக்கு ஒரு நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "இவங்கதான் விவரம் தெரிஞ்சவங்க" என்றார்.

இரவுநேரத் தாதி

மருந்து பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

இன்சுலினையும் எல்லா மாத்திரைகளையும் கைப்பையில் வையுங்கள். முனையத்தில் கொடுக்கிற பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். அறையில் இருக்கிற சின்னக் குளிர்பெட்டி பல கப்பல்களில் பானத்தைச் சில்லென்று வைக்கத்தான், இன்சுலினுக்கு வேண்டிய 2 முதல் 8 டிகிரியை அது தாங்கும் என்று நம்பாதீர்கள். மருந்துக் குளிர்பெட்டி வேண்டும், பயன்படுத்திய ஊசியைப் போடுகிற டப்பா வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் தருவார்கள். மருத்துவர் கடிதம் ஒன்று, மருந்துப் பட்டியல் ஒன்று, பயண நாளைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதல் மருந்து.

கப்பலில் டாக்டர் இருப்பார், ஈசிஜி எடுப்பார், டிரிப் போடுவார். பெரிய சிகிச்சை என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள். பில் அமெரிக்க டாலரில் அறைக் கணக்கில் ஏறும். நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து அங்கே கட்ட முடியாது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: 82 வயதுக்கு மருத்துவச் செலவு வரம்பு எவ்வளவு (பல திட்டங்களில் 70 தாண்டியதும் தொகை சட்டென்று குறைகிறது), ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை நோய்க்குக் காப்பு உண்டா, நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகிற செலவு சேர்ந்ததா. என் வார்டில் இப்படி ஒரு பெரியவர் வந்தார். குடும்பம் மலிவான திட்டத்தைப் பார்த்து வாங்கியிருந்தது, சர்க்கரை நோய் சேரவில்லை. அந்த மகன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் இதை எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன்.

இன்னொன்று. சாப்பாட்டுக் கூட வாசலில் கைக்கு மருந்துத் தெளிப்பான் வைத்திருப்பார்கள். கப்பலில் பரவுகிற நோரோ வைரஸுக்கு அது மட்டும் போதாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஜூரோங்வாசி

ஆவண வேலை. கடப்பிதழ் திரும்பி வரும் நாளிலிருந்தும் 6 மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். கூட வருகிறவர்களில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிற நிரந்தரவாசி யாராவது இருந்தால் ஒவ்வொரு துறைமுக நாட்டுக்கும் விசா பார்க்க வேண்டும். இறங்க மாட்டேன் என்று சொன்னாலும் சில நிறுவனங்கள் விசா இல்லாமல் ஏற்றாது. நிரந்தரவாசி சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டிய மறுநுழைவு அனுமதியின் தேதியையும் பாருங்கள், என் மனைவியுடையது பயணத்துக்கு நடுவில் முடிய இருந்தது, தற்செயலாகக் கண்ணில் பட்டது. திரும்பும்போது கடல் வழியாக வருவதால் குடிமக்களும் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், வருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். கப்பல் இணையத்தை நம்பாமல் கடைசித் துறைமுகத்தில் கரையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கைப்பேசி: ஏறியதும் விமானப் பயன்முறை. கரை மறைந்ததும் அது கப்பலின் கடல் ரோமிங்கைத் தானாகப் பிடிக்கும், அது சாதாரண ரோமிங் திட்டத்தில் சேராது. எனக்கு ஒரே இரவில் 140 வெள்ளி.

பழைய மாலுமி

முக்கியமானதைச் சொல்ல விட்டுவிட்டேன். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: கரையில் கட்டுவீர்களா, நங்கூரம் போட்டு டெண்டர் படகில் இறக்குவீர்களா?

பயணத் திட்டத்தில் 'புக்கெட்' என்று ஒரு சொல்தான் இருக்கும். அங்கே ஆழ்கடல் துறைமுகமும் இருக்கிறது, பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போடுகிற கப்பல்களும் உண்டு. டெண்டர் என்றால் கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக மிதக்கிற மேடைக்கு இறங்கி, ஏறி இறங்குகிற படகுக்குள் ஓரடி எடுத்து வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் மாலுமிகள் முழங்கையைப் பிடித்து, அலை மேலே வரும் நொடியில் "இப்போது" என்பார்கள். நல்ல முட்டிக்கே யோசனையான அடி அது. சக்கர நாற்காலியை அன்றைய அலையைப் பார்த்து மறுக்கவும் செய்வார்கள். சின்னக் கப்பல் ஒதுக்குப்புறமான அழகான இடங்களுக்குப் போகும் என்பதால் டெண்டர் அதில்தான் அதிகம் வரும். விளம்பரத்தில் இதைப் பெருமையாகப் போடுவார்கள். அம்மாவுக்கு அது ஒரு நாள் கப்பலிலேயே இருப்பது.

பருவம்: மலாக்கா நீரிணை பக்கம் பெரும்பாலும் அமைதி. வியட்நாம் பக்கம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்சீனக் கடலில் வடகிழக்குக் காற்று அலையைத் தூக்கும். கப்பலின் பக்கச் சிறகுகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், முன்பின்னாகக் குத்திட்டு ஆடுவதை அவை தடுக்காது. அறையை நடுக்கப்பலில், கீழ்த் தளங்களில் எடுங்கள். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே வேண்டாம், விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் தலைக்கு மேலே கேட்கும்.

நேரம்: தாய்லாந்து நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கரையில் தானாக மாறிய கைப்பேசி உங்களை ஒரு மணி நேரம் ஏமாற்றும். அப்பாவிடம் பழைய கைக்கடிகாரம் இருந்தால் அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிவிடுங்கள்.

யீஷூன் தம்பி

மாலுமி அண்ணன் சொன்ன டெண்டர் விஷயம் எனக்கே தெரியாது, நான் போன பயணத்தில் எல்லாம் கரையில்தான் கட்டினார்கள். இருந்தாலும் பெரிய கப்பல் பெரியவர்களுக்கு ஆகாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மாமியார் பேரப்பிள்ளைகளோடு போனதால்தான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் சின்னக் கப்பலில் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. வைக்கிங் மாதிரி சில நிறுவனங்களில் 18 வயதுக்குக் கீழே ஏற்றுவதே கிடையாது.

செங்காங் மகன்

உண்மை தம்பி. நாங்கள் பிள்ளைகள் இல்லாமல் நாலு பேர்தான், அப்பா, அம்மா, அக்கா, நான். அவர்களும் வந்தால் நானும் பெரியதையே எடுத்திருப்பேன்.

ஏஜெண்டிடம் டெண்டர் கேள்வியைக் கேட்டேன். முதலில் எல்லா இடமும் கரைதான் என்று அடித்துச் சொன்னார். எழுத்தில் கேட்டதும் இரண்டு நாள் கழித்து, புக்கெட்டில் மட்டும் டெண்டர் என்று பதில் வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் அம்மாவை அந்தக் கதவு வரைக்கும் கூட்டிப்போய்த்தான் தெரிந்துகொண்டிருப்போம். குளியலறை வாசலில் படி இல்லாத அறை ஒன்று மிச்சம் இருந்தது, அதை அப்பா அம்மாவுக்குப் பிடித்துவிட்டேன். பினாங்கு திட்டத்தில் இருப்பதால் சின்னக் கப்பலே என்று முடிவு. அப்பாவுக்கு அந்த ஊர்தான் வேண்டும்.

செங்காங் மகன் (பயணம் முடிந்து)

நேற்று வந்து சேர்ந்தோம். வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன்.

மரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து கப்பல் முனையம் பக்கம்தான், ஆனால் பெட்டி, கைத்தடியோடு நடக்க வேண்டாம், டாக்சியில் நேராக வாசலுக்குப் போங்கள். முனையத்தில் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். வாசலிலிருந்து அறை வரை இருபத்தைந்து நிமிடம்.

குறை முதலில். மருந்துக் குளிர்பெட்டி இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டது, அறையில் இல்லை. மின்னஞ்சலைக் காட்டிய பிறகு ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்தார்கள். தாதி அக்கா சொன்னபடி குளிர்ப்பையில் வைத்திருந்ததால் பதறவில்லை. சாப்பாடு முதல் இரண்டு நாள் தேக்கா அக்கா சொன்ன அதே பாஸ்தா கதைதான். மூன்றாம் நாளிலிருந்து பருப்பு, சோறு, ஒரு கூட்டு, தயிர். அந்தச் சமையல்காரர் தூத்துக்குடிக்காரர், அம்மா அவரிடம் கல்யாணம் ஆச்சா என்பது வரை விசாரித்துவிட்டார்.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையில் கட்டியது, ஊருக்கு நடுவிலேயே. அங்கிருந்து லிட்டில் இந்தியா கொஞ்ச தூரம்தான், ஆனாலும் கார் எடுத்தோம். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-ல் கட்டியது. நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்தோம். அப்பா 1962-ல் பினாங்கில் கப்பல் நின்றபோது இறங்கவில்லையாம், இறங்கினால் பாயையும் இடத்தையும் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்து கப்பலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். இதை எங்களிடம் இதுவரை சொன்னதே இல்லை. கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்.

புக்கெட்டில் அம்மாவும் நானும் இறங்கவில்லை. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அறுநூறு பேரும் கரைக்குப் போன கப்பலில் நாங்கள் இரண்டு பேர், ஒரு பானை தேநீர், நாள் முழுக்க அம்மா தன் கல்யாணக் கதையைச் சொன்னார். அப்பாவும் அக்காவும் டெண்டரில் போனார்கள், முழங்கையைப் பிடித்தது, "இப்போது" என்றது எல்லாம் மாலுமி ஐயா எழுதிய மாதிரியே.

கடைசியாக ஒன்று, உண்மையில் இது முதல் நாள் நடந்தது. கப்பல் மரினா பே விட்டு நகர்ந்த அரை மணியில் பால்கனியில் நின்றுகொண்டிருந்தோம். தென் தீவுகள் வரிசையாக வந்தன. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தீவைக் காட்டினார். "அது செயிண்ட் ஜான்ஸ். எறங்குனதும் எங்கள அங்கதான் மூணு நாள் வெச்சிருந்தாங்க, அம்மை தடுப்பூசிச் சீட்டு சரியில்லன்னு. ராத்திரி இந்தப் பக்கம் ஊரு வெளக்கு தெரியும், அதையே பாத்துட்டு ஒக்காந்திருப்பேன்." அம்மா பக்கத்தில் வந்து அவர் கைமேல் கை வைத்தார். தீவு பின்னால் போகும் வரை யாரும் பேசவில்லை.

தந்த 6,400 வெள்ளிக்கு வருத்தமில்லை. அடுத்த முறை பிள்ளைகளோடு போனால் தம்பி சொன்ன பெரிய கப்பல்தான்.

தேக்கா அக்கா

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் தம்பி. என் அப்பாவும் ரஜூலாவில் வந்தவர்தான். கேட்டு வைத்துக்கொள்ளாமல் போய்விட்டேன்.

செங்காங் மகன்

அக்கா, அப்பாவிடம் இன்னும் நிறைய இருக்கிறது போலிருக்கிறது, ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். இப்போது செயிண்ட் ஜான்ஸ் தீவில் கால் வைக்க வேண்டும் என்கிறார். மரினா சவுத் பியரிலிருந்து படகு போகிறது என்று தெரியும். வயதானவர்களை யாராவது அழைத்துப் போயிருக்கிறீர்களா?

பழைய மாலுமி

போயிருக்கிறேன். வார நாளில் காலைப் படகில் போங்கள், சனி ஞாயிறு கூட்டம். செயிண்ட் ஜான்ஸில் சாப்பாட்டுக் கடை கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் குடையும் கையில் இருக்கட்டும். படகு சின்னது, ஏறும்போது அப்பாவை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். திரும்புகிற கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாள் குறித்ததும் சொல்லுங்கள், எனக்கு வேலை இல்லையென்றால் நானும் வருகிறேன்.